தட்டு மாறிப்போச்சு, தராசு மாறலையே!

(விவசாயிகள் சங்க மாவட்டப் பேரவையில் செயலாளர் ஆற்றிய உரை. தோழர்கள் கேட்டுக்கொண்டபடி துண்டுப் பிரசுரமாக அச்சிடப்படுகிறது. படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள்.)

பேரவைத் தலைவர் அவர்களே, கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, பரமக்குடி, திருவாடானை பகுதிகளில் இருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, மிளகாய்க் கொல்லையில் இருந்து நேராக வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, மண்டபம், தேவிபட்டினம் கரையில் இருந்து வந்திருக்கும் மீனவச் சகோதரர்களே!

எனக்கு முன்னால் பேசியவர்கள் கம்மாய் மராமத்து பற்றியும் பயிர்க் காப்பீடு பற்றியும் விளக்கமாகப் பேசிவிட்டார்கள். நான் பேசப்போவது சாப்பாட்டைப் பற்றி. நம்ம சாப்பாடு இல்லை, மதுரைக்காரனும் மெட்ராஸ்காரனும் சாப்பிடுகிற சாப்பாடு. 'அவன் என்ன தின்னா நமக்கென்ன?' என்று கேட்கக்கூடாது. அவன் தட்டில் என்ன விழுகிறது என்பதுதான் நம்ம காட்டில் எது விளையணும், என்ன விலைக்குப் போகணும் என்று முடிவு பண்ணுகிறது.

தட்டு எப்படி மாறியது?

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 100-க்கு 48 பேர் நகரத்தில் இருக்கிறார்கள். இந்தியா முழுவதும் பார்த்தால் 31 பேர்தான். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்திலேயே 100-க்கு 30 பேர் டவுன்வாசிகள். கணக்கு எடுத்து இத்தனை வருசம் ஆகிவிட்டது. நம்ம பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுவதைப் பார்த்தாலே தெரியும், இன்றைக்கு அது இன்னும் கூடித்தான் இருக்கும்.

டவுனுக்குப் போனவன் கையில் மாசச் சம்பளம் புழங்குகிறது. சம்பளம் கூடினால் சோற்றைக் கூடுதலாகத் தின்பானா? மாட்டான். வயிறு ஒன்றுதானே! பால் வாங்குவான், முட்டை வாங்குவான், கறி, மீன், பழம் வாங்குவான், பாக்கெட்டில் அடைத்ததை வாங்குவான். மத்திய அரசே எடுத்த குடும்பச் செலவுக் கணக்கு இருக்கிறது. 1999-2000-ல் கிராமத்துக் குடும்பம் செலவு செய்த 100 ரூபாயில் அரிசி, கோதுமை போன்ற தானியத்துக்கு மட்டும் 22 ரூபாய் போனது. 2022-23-ல் அது 5 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. நகரத்தில் 12 ரூபாயாக இருந்தது 4 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது. இதில் ரேஷன் அரிசிக்கும் பங்கு உண்டு. ஆனால் அதே 2022-23 கணக்கில், பானங்களுக்கும் பாக்கெட் உணவுக்கும் கடைச் சாப்பாட்டுக்கும் நகரத்துக் குடும்பம் 100 ரூபாயில் 10 ரூபாய்க்கு மேலே கொடுக்கிறது. கிராமத்திலும் 9 ரூபாய்க்கு மேலே.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தானியமாக வாங்குவதற்கு ஆகிற செலவு சுருங்குகிறது. அதை அரைத்து, பொரித்து, பொட்டலம் கட்டி விற்பவனுக்குப் போகிற பணம் பெருகுகிறது. சாப்பாட்டுப் பணம் எங்கேயும் காணாமல் போகவில்லை. அது நம்ம களத்தைத் தாண்டி வேறு இடத்தில் நிற்கிறது. எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் சங்கத்தின் வேலை.

குதிரைவாலியின் கதை

நம்ம பாட்டன் காலத்தில் குதிரைவாலி, வரகு, கேழ்வரகு, கம்புதான் வீட்டுச் சாப்பாடு. அரிசிச் சோறு நல்ல நாள் பெரிய நாளுக்கு. வானம் பார்த்த பூமி, மழை தப்பினாலும் குதிரைவாலி தப்பாது. பிறகு ரேஷன் அரிசி வந்தது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-ல் இருந்து விலையில்லா அரிசி. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. பஞ்ச காலத்தில் அடுப்பு எரிந்ததே அந்த அரிசியால்தான். ஆனால் சிறுதானியம் தின்ன ஆள் இல்லாமல் போச்சு, விதைக்கவும் ஆள் குறைஞ்சு போச்சு. விட்ட காட்டில் எல்லாம் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது.

இப்போது என்ன நடக்கிறது? டவுனில் வசதி வந்தது, கூடவே சர்க்கரை வியாதியும் வந்தது. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று சொல்கிறது. டாக்டர், 'அரிசியைக் குறை, சிறுதானியம் தின்னு' என்கிறார். அதே 2023-ஐத்தான் ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. நம்ம அப்பத்தா பொங்கிய குதிரைவாலிச் சோறு இன்றைக்கு ஏசி கடையில் அரைக் கிலோ பாக்கெட்டில் ஏழைக்கு எட்டாத விலையில் உட்கார்ந்திருக்கிறது.

நல்லதுதானே, விவசாயிக்கு லாபம்தானே என்று கேட்பீர்கள். குதிரைவாலியை உமி நீக்காமல் தின்ன முடியாது. அந்தக் காலத்தில் உரலில் குத்தினார்கள். இப்போது உமி நீக்க மெஷின் வேண்டும், கல் பிரிக்க மெஷின் வேண்டும். அது பக்கத்து ஊரில் இல்லாத சம்சாரி உமியோடுதான் யேவாரிக்கு அளக்கிறான். கடையில் விற்கிற விலை அரிசியாக்கிய பிறகு வருகிற விலை. நமக்குக் கிடைப்பது உமியோடு போட்ட விலை. மத்திய அரசு சோளம், கம்பு, கேழ்வரகுக்கு ஆதரவு விலை அறிவிக்கிறது. குதிரைவாலிக்கு அதுவும் இல்லை. முடியாத காரியமா இது? சத்தீஸ்கர் அரசு 2021-ல் வரகுக்கும் சாமைக்கும் குவிண்டாலுக்கு 3,000 ரூபாய் என்று தானே விலை வைத்தது. நம்ம மாநிலத்திலேயே 2023-ல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே முடிந்தது ராமநாதபுரத்தில் ஏன் முடியாது?

வத்தல் போகிற வழி

அடுத்து, நம்ம உயிர்நாடி, முண்டு மிளகாய். நம்ம கரிசலிலும் உவர் காற்றிலும் விளைகிற இந்த உருண்டை மிளகாய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டாசு வெடித்தோம், மிட்டாய் கொடுத்தோம். அந்தக் குறியீட்டால் குவிண்டாலுக்கு எவ்வளவு கூடக் கிடைத்தது என்று கையைத் தூக்கிச் சொல்ல இந்தப் பந்தலில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?

முன்னாடி டவுன் வீட்டுப் பொம்பளைகள் வருசத்துக்கு ஒரு தடவை வத்தல் வாங்கி, காம்பு கிள்ளி, மொட்டை மாடியில் காயப்போட்டு, மல்லி மஞ்சள் சேர்த்து மில்லில் கொடுத்து அரைத்தார்கள். வத்தலைக் கையில் எடுத்துப் பார்த்து, 'இது ராம்நாட் முண்டு' என்று கேட்டு வாங்கினார்கள். இப்போது அந்த அம்மாவும் வேலைக்குப் போகிறார். காயப்போட மாடியும் இல்லை, நேரமும் இல்லை. பாக்கெட் பொடி வாங்குகிறார். பொடியான பிறகு முண்டு எது, சம்பா எது, ஆந்திராவில் குண்டூர் வத்தல் எது என்று யார் கண்டது? நம்ம சரக்கின் பெயர் மில்லுக்குள் போனதும் செத்துப்போகிறது. பாக்கெட் மேல் இருக்கிற பெயர்தான் விலை பேசுகிறது.

வத்தல் போகிற வழியைப் பாருங்கள். கொல்லையில் இருந்து களம். களத்தில் இருந்து உள்ளூர் யேவாரி அல்லது கமிஷன் கடை. அங்கிருந்து விருதுநகர் மொத்த யேவாரி. பிறகு குளிர்பதனக் கிட்டங்கி, மில், பாக்கெட், ஏஜென்சி, கடை. இத்தனை கை மாறுகிறது. எல்லாரும் திருடன் என்று நான் சொல்ல வரவில்லை. லாரிக்காரனுக்குக் கூலி வேண்டும், கடைக்காரனுக்கு வாடகை வேண்டும். ஆனால் இத்தனை பேரில், விலை தெரியாமல் சரக்கை நீட்டுகிறவன் ஒருத்தன் மட்டும்தான். அவன் சம்சாரி.

ஏன் அப்படி? மூன்று காரணம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, முன்பணம். விதைப்புக்கும் களையெடுப்புக்கும் வீட்டு விசேசத்துக்கும் கமிஷன் கடையில் கை நீட்டியவன், அந்தக் கடையில்தான் மூட்டையை இறக்கணும். வேறு கடையில் விலை கூட என்று தெரிந்தாலும் போக முடியாது.

இரண்டு, இடம். மாசி, பங்குனி, சித்திரையில் எல்லார் கொல்லையிலும் ஒரே நேரத்தில் பழம் பறிப்பு. எல்லாரும் ஒரே நேரத்தில் விற்கிறோம், விலை விழுகிறது. வீட்டில் வைத்தால் நிறம் மங்குகிறது, ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கிறது. குளிர்பதனக் கிட்டங்கியில் வைத்திருக்கிறவன் ஐப்பசியில் விலை பார்த்து விற்கிறான்.

மூன்று, தராசு. இதைச் சொல்ல எனக்கே நாக்கூசுகிறது. போன வருசம் ஒரு கமிஷன் கடையில், பெயர் வேண்டாம், என் சரக்குக்கு குவிண்டாலுக்கு 2 கிலோ கழிவு போட்டார்கள். கேட்டால் 'சாக்கு, தூசி, ஈரம்' என்றார்கள். சாக்கை நிறுத்துப் பார்த்தால் அவ்வளவு வராது. பில் கேட்டேன். சிகரெட் அட்டையில் கூட்டல் போட்டுக் கொடுத்தார்கள். 10 குவிண்டால் கொண்டுபோகிறவன் 20 கிலோ வத்தலைச் சும்மா கொடுத்துவிட்டு வருகிறான் என்றால், ஒரு ஊரில் 100 பேருக்கு என்ன ஆச்சு? 2,000 கிலோ. 20 குவிண்டால்! இது தரகு போக, இறக்குக்கூலி போக. தட்டு மாறிப்போச்சு, தராசு மட்டும் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

நம்ம கணக்கை விடுங்கள், ரிசர்வ் வங்கிக்காரர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தக்காளி வாங்குகிறவர் கொடுக்கிற ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது 33 காசு. வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு. மீதி மூன்றில் இரண்டு பங்கு வழியில் நிற்கிறது.

கடல் பக்கமும் இதே கதைதான்

மீனவச் சகோதரர்கள் நம்மோடு ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சிலர் கேட்டார்கள். சொல்கிறேன். டவுனில் காசு புழங்கியதும் கோழியும் முட்டையும் ஏறியது. நாமக்கல்லில் கோடிக்கணக்கில் முட்டை. அந்தக் கோழிக்குத் தீனி எங்கிருந்து? மக்காச்சோளம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நம்ம ராமேஸ்வரம், மண்டபம் கரையில் காயப்போடுகிற கழிவு மீன். இழுவை மடியில் வருகிற காரலும் பொடி மீனும் குஞ்சு மீனும் காய்ந்து மூட்டையாகி லாரி ஏறுகிறது. ஏழை வீட்டுக் குழம்புக்கு ஆன மீன் கோழித் தீனியாகிப்போகிறது. நண்டும் கணவாயும் இறாலும் கப்பல் ஏறுகிறது. பிடித்தவனுக்கு டீசல் கடன்தான் மிச்சம்.

இறால் பண்ணையையும் பாருங்கள். ஜப்பான்காரனும் அமெரிக்காக்காரனும் இறாலை விரும்பித் தின்ன ஆரம்பித்ததும், 1990-களில் தமிழ்நாட்டுக் கடலோரம் முழுக்கப் பண்ணைகள் முளைத்தன. பக்கத்து நஞ்சை உவர்ப்பாச்சு, குடிதண்ணிக் கிணறு உப்பாச்சு. நாகப்பட்டினம் பக்கத்து மக்கள் போராடினார்கள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2005-ல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்கு மறுபடி வழி திறந்துவிட்டது. தூரத்துத் தட்டு ஒன்று நிறைந்தால் பக்கத்துக் கிணறு கெடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ராமேஸ்வரத்துக்கு வருகிற யாத்ரீகர் கூட்டம் நாளுக்கு நாள் கூடுகிறது. 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலமும் திறந்தாச்சு. தீவு முழுக்க ஓட்டல், லாட்ஜ். அவர்களுக்குக் காய்கறி மதுரை மார்க்கெட்டில் இருந்து வருகிறது. நம்ம தோட்டத்துக் கத்தரிக்காயும் கீரையும் அந்த ஓட்டல் அடுப்புக்குப் போய்ச்சேர ஏற்பாடு இல்லை. டவுன் நம்ம வாசலுக்கே வந்தும், நமக்கு வந்தது கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் கல் நட்ட பிளாட்டு மட்டும்தான்.

வெளிநாட்டில் என்ன நடந்தது?

இது நமக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. சீனாக்காரனுக்குச் சம்பளம் கூடியது, பன்றிக்கறியும் கோழியும் கூடத் தின்கிறான். அந்தப் பன்றிக்கும் கோழிக்கும் தீனியாக வருசத்துக்கு 10 கோடி டன் அளவுக்கு சோயாபீன்ஸ் இறக்குமதி ஆகிறது. அதில் பெரும்பங்கு பிரேசிலில் இருந்து. அங்கே காடு அழிந்து சோயாக் காடாகிறது. விதைப்பது ஆயிரம் ஏக்கர்க்காரன். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு விவசாயிகள் ஐரோப்பாவுக்கு பீன்ஸ் அனுப்பினார்கள். 2000-க்குப் பிறகு ஐரோப்பியக் கடைக்காரர்கள் மருந்து எச்சத்துக்கும் தரத்துக்கும் சான்றிதழ் கேட்டார்கள். தனி ஆளாக இருந்த சிறு விவசாயிகள் பலர் அந்தச் செலவைத் தாங்காமல் வெளியே போனார்கள். குழுவாகச் சேர்ந்து செலவைப் பங்கு போட்டவர்களில் பலர் நிலைத்தார்கள்.

நாளைக்கு நம்ம வத்தலுக்கும் இதுதான். மருந்து எச்சம் பார்க்கிறேன், ஒரே நிறம் வேண்டும், பத்து டன் ஒரே லாட்டாக வேண்டும் என்று கம்பெனி கேட்பான். தமிழ்நாட்டில் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. இரண்டு ஏக்கர்க்காரன் பத்து டன்னுக்கு எங்கே போவான்?

1946-ல் பால்காரர்கள் செய்த வேலை

பம்பாய் பெரிய நகரம். பாலும் வெண்ணெயும் அங்கே கிராக்கி. குஜராத்தில் கேடா மாவட்டத்து விவசாயிகள் பால் கறந்து கொடுத்தார்கள். வாங்குகிற உரிமை ஒரே கம்பெனி கையில் இருந்தது, அவன் சொன்னதுதான் விலை. 1946 ஜனவரியில் விவசாயிகள் கூடி, 'இனி அவனுக்கு ஒரு சொட்டுப் பால் இல்லை' என்று முடிவு கட்டினார்கள். இரண்டு வாரம் பாலைத் தெருவில் ஊற்றினாலும் ஊற்றினார்கள், கொடுக்கவில்லை. பம்பாய்க்குப் பால் போகவில்லை. அரசாங்கம் இறங்கி வந்தது. அந்த வருசம் டிசம்பரிலேயே சங்கத்தைப் பதிவு செய்தார்கள். அதுதான் இன்றைய அமுல்.

அங்கே ஒரு எருமைக்காரனும் உறுப்பினர்தான். கறந்த பாலைக் கண் முன்னால் அளக்கிறார்கள், கொழுப்பு பார்த்து விலை போடுகிறார்கள். வாங்குகிறவர் கொடுக்கிற ரூபாயில் 75 காசுக்கு மேல் உற்பத்தியாளருக்குப் போகிறது. தக்காளிக்காரனுக்கு 33 காசு, பால்காரனுக்கு 75 காசு. இரண்டையும் தின்பவன் ஒரே டவுன்காரன்தான். பால்காரன் டெய்ரியைத் தன் கையில் வைத்திருக்கிறான். தக்காளிக்காரன் சந்தைக்கு வெளியே நிற்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆக, டவுன் வளர்வதும் தட்டு மாறுவதும் நமக்குப் பகை இல்லை. நடுவில் இருக்கிற தராசும் கிட்டங்கியும் மில்லும் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. முட்டைக்காரர்கள்கூட 1982-ல் ஒரு ஒருங்கிணைப்புக் குழு போட்டு, முட்டை விலையை நாமக்கல்லில் உட்கார்ந்து தாங்களே அறிவிக்கிறார்கள். மிளகாய்க்காரன் மட்டும் 'என்ன விலை போடுவீங்க?' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

நாம் கேட்பது

1. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் வத்தலுக்கு நாள்தோறும் பகிரங்க ஏலம். 2016-ல் ஆரம்பித்த மின்னணு வேளாண் சந்தையில் நம்ம வத்தலுக்கும் வெளியூர் யேவாரி விலை கேட்க வழி வேண்டும்.

2. கமிஷன் கடை அத்தனையிலும் முத்திரை போட்ட எலக்ட்ரானிக் தராசு. கழிவு என்ற பேச்சே கூடாது. அச்சடித்த பில் தரணும்.

3. ஒன்றியத்துக்கு ஒரு உலர்களம், ஒரு குளிர்பதனக் கிட்டங்கி. சரக்கை வைத்த அன்றைக்கே பொருளீட்டுக் கடன். முன்பணக் கட்டை அறுக்க அந்தக் கடன் ஒன்றுதான் அரிவாள்.

4. கமுதியிலும் முதுகுளத்தூரிலும் உற்பத்தியாளர் குழு நடத்துகிற சிறுதானிய அரவை மில். குதிரைவாலிக்கு மாநில அரசு விலை. பள்ளிக்கூடச் சத்துணவுக்கு நம்ம குதிரைவாலி.

5. புவிசார் குறியீட்டுப் பெயரைப் போட்டு விற்கிற கம்பெனி, நம்ம மாவட்டத்து உற்பத்தியாளரிடம் வாங்கியதற்கு ஆதாரம் காட்டணும்.

6. ராமேஸ்வரத்து ஓட்டல்களுக்கு உள்ளூர்க் காய்கறி போக, தீவிலேயே ஒரு விற்பனை நிலையம். 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, ஐந்து கிலோ கத்தரிக்காய் கொண்டுவந்தவனுக்கும் தராசு கிடைத்தது. அந்த ஏற்பாடு இங்கேயும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைப்பதோடு வேலை முடியவில்லை. இந்த மாசியில் ஊருக்கு இருபது பேர் சேருங்கள். பழத்தைத் தரம் பிரித்து, ஒரே இடத்தில் காயப்போட்டு, ஒரே லாட்டாக விற்போம். மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு அப்புறம் மூட்டையை ஏற்றுவோம். ஊரிலேயே ஒரு தராசு வாங்கி, நிறுத்து எழுதிக்கொண்டு போவோம். அடிக்கிற மருந்தைக் கணக்குப் பார்த்து அடிப்போம், நோட்டில் எழுதி வைப்போம். பழம் பறிக்கிறது பெண்கள், காம்பு கிள்ளுகிறது பெண்கள். அதனால் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கணும். பணத்தை எண்ணுகிற இடத்திலும் அவர்கள் உட்காரணும்.

சிலர் சொல்வார்கள், 'செயலாளரே, யேவாரி கோவிச்சுக்குவான், அடுத்த வருசம் முன்பணம் தரமாட்டான்' என்று. நியாயமான பயம்தான். அதனால்தான் மூன்றாவது கோரிக்கையை முதலில் வாங்காமல் எழுந்திருக்கப் போவதில்லை. 2020-ல் கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களை 2021 நவம்பரில் திரும்பப் பெற வைத்ததும் ரோட்டில் உட்கார்ந்த விவசாயிகள்தான். டெல்லிக் குளிரில் ஒரு வருசம் உட்கார்ந்தார்கள். ராமநாதபுரம் வெயிலில் நாம் ஒரு நாள் உட்காரமாட்டோமா?

வருகிற திங்கட்கிழமை மனுநீதி நாள். காலை 10 மணிக்கு கலெக்டர் ஆபீஸ் முன்பு கூடுகிறோம். வீட்டுக்கு ஒருத்தர் வாருங்கள். ஆளுக்கு ஒரு கை வத்தல், ஒரு கை குதிரைவாலி கொண்டுவாருங்கள். கமிஷன் கடையில் கொடுத்த துண்டுச் சீட்டு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், கலெக்டர் பார்க்கட்டும். வண்டிக்கு அந்தந்த ஊர்க் கிளைச் செயலாளரிடம் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள்.

விளைவிப்பது நாம்! விலை சொல்வதும் நாமே ஆக வேண்டும்!

கழிவு ஒழிக! பகிரங்க ஏலம் வேண்டும்!

கரையும் காடும் ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!